சோத்துப்பெட்டி ஏழு

இரவு இரண்டே கால்.
பஸ் நிலையக் குப்பையை
மான்கள் கிளறும் சத்தம் மேல்மாடி வரை வருகிறது.
திரையில் ஒரே ஆள்
முப்பத்தெட்டு இடத்தில் விழித்திருக்கிறான்:
சல்லியில், இறக்கக்கண்டியில், புடவைக்கட்டில்,
மூதூர் இறங்குதுறையில்,
ஒரு கணம் வத்தளையிலும்.
உறுப்பினர் எண் நூற்றுப் பதினாறு.
மாதம் ஆயிரத்து இருநூறு,
ஒருமுறைகூடப் பிந்தாத கணக்கு.

நான் விற்பது மீனில்லை,
மீன் நிற்கும் இடம்.
கொட்பேயில் இருந்து எத்தனை மைல், எத்தனை பாகம் ஆழம்,
கலவாய் எந்தப் பாரின் எந்தப் பக்கம் ஒதுங்கும்,
சோளகம் எழும்பினால்
நங்கூரத்தை எங்கே போடக்கூடாது.
காசு கட்டினால் வரைபடம் திறக்கும்.
கட்டாதவனுக்கு வெறும் நீலம்.

துவாரகா கொழும்பில் இருந்து எழுதினாள்:
அண்ணா, ஒரு கணக்குக்கு இரண்டு போன்தான்.
மூன்றாவது வந்தால் முதலாவதை வெளியே தள்ளுவம்.
படத்துக்கு மேலே அவரவர் பெயரை மங்கலாய்ப் போடுவம்,
படம் பிடிச்சுப் பரப்பினால் பிடிச்சவனே சாட்சி.
ஆனா பாஸ்வேர்ட் என்னவெண்டு
எங்களாலும் பார்க்க ஏலாது.
அரைச்சுத்தான் வைச்சிருக்கு;
மாவில இருந்து அரிசி எடுக்க ஏலுமே?

விடியக் கொட்பேக்குப் போனேன்.
ஐஸ் உடைக்கிற றிபாய், என்னை யாரென்று தெரியாதவன்,
என் கடையின் திறப்பை
முந்நூறு ரூபாய்க்கு எனக்கே விற்றான்.
பீடிக் கட்டுத் தாளில் எழுதி, நாலாய் மடித்து,
"வேற ஆருக்கும் குடுத்திராதீங்க" என்றான்.
சிரிப்பு வந்திருக்க வேண்டும்.
தாளை விரித்தேன்.

சோத்துப்பெட்டி7

ஐஸ் தண்ணீர் செருப்புக்குள் ஓடியது.

ஒன்பது வருடத்துக்கு முன்
கனகசூரியம் சம்மாட்டியின் படகில்
நான் கூலிக்குத் தூண்டில் போட்டவன்.
பவுல் முனை வெளிச்சவீட்டையும் சுவாமி மலையையும்
மாறி மாறிப் பார்த்து
வாய்க்குள் ஏதோ கூட்டிக் கழித்து
சட்டென்று எஞ்சினை நிறுத்துவார்.
எங்களைக் கரையைப் பார்க்க விடமாட்டார்.
"தூண்டிலைப் பாரடா."
நான் தூண்டிலைத்தான் பார்த்தேன்.
ரொட்டிக்கும் சம்பலுக்கும் அடியில்
பொலித்தீன் சுற்றிய போன்
தன்பாட்டில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தது.
ஏழு பயணம்.
எட்டாம் நாள்
முழங்கால் நோவென்று நின்றுவிட்டேன்.

பெட்டியை ஒருமுறை அவர் நகர்த்தி வைத்தது ஞாபகம்.
வெயில் படுகுது என்று.
வேறொன்றும் சொன்னதாய் இல்லை,
அன்றும், பிறகு சந்தையில் கண்டபோதும்.

போன கச்சான் காலத்தில் அவர் செத்த வீடு.
மகன் லோகிதன் கைகொடுத்தான்.
"உங்கட சைட்டில சேரப்போறன்."
உனக்கு இலவசம் என்றேன்.
"இல்லை, முழுக்காசும் தாறன்."
அன்றைக்கே கட்டினான். நூற்றுப் பதினாறு.

நான் எழுதிய விதிகளை இப்போது வாசிக்கிறேன்.
நாலாவது விதி:
இவ்விடங்களின் உரிமை எமக்கே.
ஐந்தாவது: கடவுச்சொல்லைப் பகிர்வது களவு.
எழுதும்போது
பிழையொன்றும் இருக்கிறதாய்த் தெரியவில்லை.

அண்ணா, நூற்றுப் பதினாறை மூடவா? துவாரகா.
மூடாதே, எச்சரிக்கையை மட்டும் அனுப்பு.
அது அவளே எழுதின வாசகம்:
உங்கள் கடவுச்சொல் களவு போயிருக்கலாம்.
ஒருவரும் ஊகிக்க முடியாத
புதிய சொல்லொன்றை வையுங்கள்.

இரண்டு நிமிடம்கூட இல்லை,
வைத்துவிட்டான்.
வலுவானது என்று பச்சைக் கோடு காட்டுகிறது.
என்னவென்று என்னால் பார்க்க ஏலாது.

மூதூர் அணைந்தது, சல்லி அணைந்தது,
ஒன்றன்பின் ஒன்றாய் முப்பத்தேழும்.
மிச்சம் ஒரு போன், திருக்கடலூரில்.
வரைபடத்தைத் திறந்து
ஏழாவது பாருக்கு மேலே நிற்கிறது.
அரைமணி நேரமாய்
அசையவில்லை.